சாம்பல் மட்கார்டு

சனிக்கிழமை காலையில் டிரெய்லர் வரும் என்று, எங்கள் பழைய காரை வாங்கின கொச்சிக்காரர் போனில் சொன்னது திங்கட்கிழமை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வண்டி போகிற வருத்தம் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். வண்டி போனால் எனக்கென்ன! பதினாறு வருஷமாக ஒரு சக்களத்தியைப் போல என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்த சாதனம் அது. துணி காயப்போட எனக்கு இடம் விட்டதில்லை. தாராளமாகப் போகட்டும்.

என் பெயர் சரோஜம். நெய்யாற்றின்கரை கோர்ட்டில் இருபத்தாறு வருஷம் டைப்பிஸ்டாக இருந்து இப்போது பென்ஷன் வாங்குகிறவள். வீட்டுக்காரர் ஜெயதாஸ் பழைய கார் மெக்கானிக். பழைய கார் என்றால் அம்பாசடரும் பியட்டும் இல்லை. ராஜா காலத்தில் வக்கீல்களும் எஸ்டேட்காரர்களும் வைத்திருந்த பெரிய சீமை வண்டிகள். எந்தெந்த வீட்டுத் தொழுவத்திலோ கோழி அடைந்துகொண்டிருந்த வண்டியைப் பாறசாலைக்கு இழுத்துக்கொண்டு வந்து, வருஷக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டி, ஓடவைத்து அனுப்புவார். எஞ்சின் வேலை இவருடையது. தகர வேலையும் பெயிண்டும் குளத்தூர் அனில்குமார். இரண்டு பேரும் சேர்ந்து பத்தொன்பது வண்டிகளை அப்படி அனுப்பியிருக்கிறார்கள்.

இருபதாவது இந்த ஹம்பர். ஐம்பத்தொன்றாம் வருஷத்து சூப்பர் ஸ்னைப். இது மட்டும் விற்பதற்கு இல்லை, எனக்காக்கும் என்று சொல்லி ஒரு வக்கீல் வீட்டிலிருந்து வாங்கினார். பெட்ரோல் விலைக்குப் பயந்து வக்கீலின் மகன் எப்போதோ அதன் ஒரிஜினல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, மெட்டடோர் வேனின் டீசல் எஞ்சினை வைத்து ஓட்டியிருந்தார். நம் ஊரில் ஒரு காலத்தில் பெரிய வண்டி வைத்திருந்த எல்லோரும் செய்த புத்திசாலித்தனம்தான். கழற்றின எஞ்சினையும் அவர்கள் கூடவே கொடுத்துவிட்டார்கள். பாடி வேலை முடிந்ததும் அதை ஏற்றிக்கொள்ளலாம் என்று இவர் தார்ப்பாயில் சுற்றி ஷெட்டுக்குப் பின்னால் அயினி மரத்தடியில் வைத்தார். ஏழு வருஷம் அது அங்கேயே கிடந்தது.

அந்த எஞ்சினை ஆக்ரிக்காரரிடம் பழைய இரும்பாகத் தூக்கிக் கொடுத்தது நான். ஒன்பது வருஷமாக அதை யாரிடமும் சொன்னதில்லை. அனில்குமார் திருடி விற்றுவிட்டான் என்றுதான் என் வீட்டுக்காரரும் ஊரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வண்டி கொச்சிக்குப் போய்விட்டால், அந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க இனி ஒரு காரணமும் இருக்காது. திருடன் என்ற பெயரோடேயே அவன் சாவான். அதைப் பார்த்துக்கொண்டே நானும் சாவேன். சனிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். சோறு எப்படி இறங்கும்?

நடந்தது இதுதான். எங்கள் மகன் விபினுக்கு மார்த்தாண்டம் பக்கத்தில் பெண் பேசி முடித்திருந்தோம். பெண் பின்சி, நல்ல பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வீடு காணலுக்கு இருபது பேர் வருகிறோம் என்று வியாழக்கிழமை சொல்லியனுப்பினார்கள். வீடு காணல் என்றால் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் பெண் வீட்டார் வருவது. பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பதா? கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, கக்கூஸ் கதவு சாத்துகிறதா என்பதுவரை அந்த வீட்டு அத்தைமார் துருவிவிட்டுத்தான் போவார்கள். என் வீட்டுக் கொல்லையோ இரும்புக் காடு. இவரோ ஏதோ பம்பர் கிடைத்ததென்று கோயம்புத்தூரில் போய் உட்கார்ந்திருந்தார். போன் போட்டுக் கேட்டால், "நீ பாத்துச் செய்" என்றார். செய்தேன்.

ஆக்ரிக்காரர் செல்லையன் ஆட்களோடும் பிக்கப் வண்டியோடும் வந்தார். உடைந்த கட்டில், ஓட்டை டிரம், துருப்பிடித்த பட்டைகள் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, மரத்தடியில் போய்த் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார். "அக்கா, இதுவும் உண்டா?" என்றார். தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். அது ஹம்பரின் எஞ்சின் என்று எனக்குத் தெரியும். அதைப் போல் இன்னொன்று இந்த நாட்டில் தேடினாலும் கிடைக்காது என்பதுதான் தெரியாது. எனக்குக் கோபம். மகன் கல்யாணக் காரியத்துக்குக்கூட வீட்டில் நிற்காத மனுஷனின் இரும்புக்கு நான் ஏன் காவல் இருக்க வேண்டும் என்ற கோபம். "எல்லாம் கொண்டு போங்கோ" என்றேன். ஆறு பேர் சேர்ந்து தூக்கினார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து திரும்பி வந்த வீட்டுக்காரர் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, நேரே கொல்லைக்குத்தான் போனார். "ஏட்டி, இங்க கிடந்தது எங்க?" என்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் நான் துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். "எனக்கு என்ன தெரியும்? சுத்தம் செய்ய எத்தனையோ ஆளு வந்துது, போச்சுது" என்று சொல்லிவிட்டேன். மறுநாளே செல்லையன் கடைக்கு ஓடினேன். "அதை உடைச்சாச்சே அக்கா, முழுசா லாரியில ஏத்த முடியுமா?" என்றார். கல்யாணம் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

கொல்லை கேட்டின் இன்னொரு சாவி அனிலிடம்தான் இருந்தது. பெங்களூர்க்காரர் ஒருவர் அந்த எஞ்சினை விலைக்குக் கேட்டதும் அனில் மூலமாகத்தான். "சும்மாதானே கிடக்கு, குடுத்துடலாமே அண்ணே" என்று அவன் ஒருமுறை சொல்லியும் இருந்தான். இவருக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனாலும் பத்து நாள் வாயைத் திறக்கவில்லை. கல்யாணத்தன்று எங்கள் சர்ச்சின் சபை ஹாலில், இரண்டாம் பந்தியில், அனில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சோற்றில் பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தபோது, சாம்பார் வாளியோடு அவன் எதிரில் போய் நின்றார். "எலே அனிலே, எனக்க எஞ்சினை எத்தனைக்குடே வித்தே?" என்று கேட்டார். கேலி போலத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

அனில் இவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். நான் பாயசப் பாத்திரத்துக்குள் கரண்டியை விட்டுக் கிண்டிக்கொண்டு நின்றேன். அவன் இலையை மூடிவிட்டு எழுந்தான். பெண்கள் வரிசையில் இருந்த அவன் மனைவி ஸ்ரீகலா, கையில் எடுத்த சோற்றை இலையிலேயே போட்டுவிட்டு அவன் பின்னால் போனாள். சர்க்கார் கணக்கர் சிவானந்தம் பிள்ளையின் பேரன் தகரம் தட்டப் போய்விட்டான் என்று அவனுடைய சொந்தக்காரர்கள் ஏற்கெனவே வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்கள். அதோடு திருட்டும் சேர்ந்தது.

அதன் பிறகு இவர் புது வண்டி எதையும் எடுக்கவில்லை. ஹம்பரின் உடம்பெல்லாம் கறுப்பு, முன்பக்க இடது மட்கார்டு மட்டும் சாம்பல் நிற பிரைமரோடு நின்றுபோனது. அனில் பாதியில் விட்ட வேலை அது. வேறு ஆளை வைத்து அடிக்கலாமே என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்பார். பிறகு சுகர் வந்தது, வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள், கண் மங்கியது. "மடுத்துப்போச்சு சரோஜம், இனி முடியாது, குடுத்துடலாம்" என்று அவராகவேதான் சொன்னார். நானோ கோர்ட்டில் எத்தனை பேருடைய வாக்குமூலத்தை டைப் அடித்தவள்! பொய் சாட்சி சொல்ல வருகிறவனை வராந்தாவிலேயே கண்டுபிடித்துவிடுவேன். என் வாய் மட்டும் ஒன்பது வருஷமாகத் திறக்கவில்லை. சீ என்று இருக்கிறது.

வியாழக்கிழமை பஸ் ஏறிக் குளத்தூருக்குப் போனேன். அனில் முற்றத்தில் ஒரு ஆட்டோவின் பின்தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. "வாருங்கோ அக்கா" என்றான், போன வாரம் பார்த்த ஆளிடம் சொல்வது போல. ஸ்ரீகலா ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள் என்றான். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

"வண்டி வித்தாச்சு அனிலே. சனிக்கிழமை கொண்டு போயிருவாங்க."

"கேள்விப்பட்டேன்."

"அந்த எஞ்சின்... அதை ஆக்ரிக்குக் குடுத்தது நானாக்கும்."

அவன் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. தகரத்தில் இன்னும் இரண்டு தட்டுத் தட்டி, விரலால் தடவிப் பார்த்தான்.

"தெரியும் அக்கா. செல்லையனுக்க கடையில பாத்தேன். நாலா உடைச்சுப் போட்டிருந்தாரு. நம்பர் உள்ள துண்டு மேலதான் கிடந்தது. எங்கேந்து வந்துதுன்னு கேட்டேன், சொன்னாரு."

"எப்பம்?"

"கல்யாணத்துக்கு நாலு நாள் முன்ன."

அங்கே கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். "பின்ன ஏன்டே பந்தியில வாயைத் திறக்கல்ல?"

"என்னத்தைச் சொல்லணும்? மருமவளும் சம்பந்தக்காரரும் இருக்கிற இடத்தில, அண்ணன்கிட்ட உங்க பெஞ்சாதிதான் வித்தாங்கன்னு சொல்லணுமா? நீங்க சொல்லுவீங்கன்னு நினைச்சேன். இன்னைக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். அண்ணன் வருவாருன்னு ஒரு மாசம் ராத்திரிகூட இந்த கேட்டைப் பூட்டல்ல." கடைசியாக ஒரு தட்டுத் தட்டினான். அது தேவையில்லாத தட்டு. "பின்ன பூட்டிட்டேன்."

"ஸ்ரீகலாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா அன்னைக்கே உங்க முற்றத்தில வந்து நின்னிருப்பா." பிறகு என் முகத்தைப் பார்த்தான். "என்கிட்ட சொல்லி என்ன அக்கா? அங்க சொல்லுங்கோ."

திரும்பி வரும்போது மணி நாலு. இவர் ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் எதிரில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வீடு காணல், செல்லையன், என் கோபம், நான் சொன்ன பொய். அனிலுக்கு முன்பே தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதையும் சொன்னால் வெட்கத்தில் இந்த மனுஷன் அவன் முகத்தில் விழிக்கவே மாட்டார் என்று பயந்தேன்.

கையிலிருந்த துணியை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார். கத்துவார், எதையாவது தூக்கி எறிவார் என்று நினைத்திருந்தேன். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கார்புரேட்டரும் அதோடயா போச்சு?" என்றார்.

"ஆமா."

"ம்." துணியைப் பம்பரின் மேல் போட்டார். "எனக்கு நடக்கத் தெம்பிருந்தப்பம் சொல்லியிருக்கக் கூடாதா, ஏட்டி?"

வெள்ளிக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஹம்பரின் கதவைத் திறந்தார். கண் தெரியாது, கால் சரியில்லை, ஓட்டவேண்டாம் என்றேன். "ஏறு" என்றார். முப்பது கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் வந்த பஸ்ஸெல்லாம் ஹாரன் அடிக்க, குளத்தூர் போய்ச் சேர்ந்தோம். அனில் வீட்டு கேட்டுக்கு வெளியே நிறுத்தி ஹாரனை அமுக்கினார். இறங்கவில்லை. இறங்குகிற தைரியம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அனில் வந்தான். இவரைப் பார்க்காமல், நேரே இடது மட்கார்டிடம் போய், பிரைமரை உள்ளங்கையால் தடவினான். "வெடிச்சிருக்கு" என்றான். "ஒரு நாளில பெயிண்ட் காயாது அண்ணே. இப்படியே போகட்டும்."

"எலே அனிலே." இவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எஞ்சின் கிடைச்சாச்சு."

"எங்கேண்ணே?"

"நம்ம வீட்டிலதான் இருந்துது. நான் சரியாப் பாக்கல்ல. எனக்க தப்பாக்கும் மக்கா."

அனில் ஜன்னல் வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்த எஞ்சின் நாலு துண்டாகக் கிடந்ததைக் கண்ணால் கண்டவன் அவன். "செரி அண்ணே, கிடைச்சா செரி" என்றான்.

எனக்கு வந்த வேதனையையும் வெப்ராளத்தையும் சொல்லி முடியாது. இரண்டு ஆண்கள் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், காரியம் முடிந்தது. வாயை மூடுவதில்தான் எனக்கு ஒன்பது வருஷப் பழக்கம் உண்டே. ஆனால் வாசற்படியில் ஸ்ரீகலா நின்றுகொண்டிருந்தாள்.

"உங்க வீட்டிலதான் இருந்துதா?" என்றாள். சத்தமே இல்லை. "இவ்வளவு நாளும்?"

நான் வண்டியிலிருந்து இறங்கினேன். "பொய் ஸ்ரீகலா. அங்க ஒண்ணும் இல்ல. நான்தான் அதை ஆக்ரிக்குப் போட்டேன். போட்டுட்டு, தெரியாதுன்னு சொன்னேன். இவரு உனக்க மாப்பிள்ளையைப் பந்தியில கேட்டப்பம், நான் பாயசம் கிண்டிட்டு நின்னேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போனாள். கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே வரும்போது கரை வைத்த பாலராமபுரம் சேலை உடுத்தி, தோளில் பை மாட்டியிருந்தாள். நேரே வந்து பின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"வண்டியை எடுங்கோ அண்ணே. உங்க சபை ஹால் வரை போவோம். அக்கா, இஞ்ச ஏறுங்கோ."

ஏறினேன். பையை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். அனில் முன்னால் ஏறினான்.

குளத்தூர் ஜங்ஷனில், சாயாக்கடை முன்னால், "நிறுத்துங்கோ" என்றாள். ஹம்பர் நின்றால் கூட்டம் கூடுவதற்குக் கேட்கவா வேண்டும்! பத்துப் பேர் வந்து சுற்றி நின்றார்கள். விளக்கைத் தொடுகிறான் ஒருவன், கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்கிறான் ஒருவன். ஸ்ரீகலா கண்ணாடியை இறக்கினாள். "அக்கா, சொல்லுங்கோ" என்றாள்.

"இந்த வண்டிக்க எஞ்சினை அனில் எடுக்கல்ல" என்றேன். "நான்தான் ஆக்ரிக்கு வித்தேன்." ஒருவன் சிரித்தான். ஒருவன் மலையாளத்தில் "எந்தா?" என்று கேட்டான். அவனுக்காக மலையாளத்திலும் ஒருமுறை சொன்னேன்.

ரேஷன் கடை வாசலில் மறுபடி நிறுத்தச் சொன்னாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பெண்கள், எனக்கே தெரிந்த சரசம்மாவும் அதில் நின்றாள். இந்த வரிசையில் ஸ்ரீகலா நின்றிருந்த நாட்களில் அவள் முதுகுக்குப் பின்னால் என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? சொன்னேன். சரசம்மா வாயில் கைவைத்து, "அய்யோ சரோஜமே!" என்றாள். எனக்கு முகம் தீய்ந்தது.

மூன்றாவதாக நிறுத்தச் சொன்னது பாறசாலையில், செல்லையனின் ஆக்ரிக் கடை முன்னால். அவர் துண்டை உதறிக்கொண்டு ஓடி வந்தார். நான் சொல்லி முடித்ததும், அவர் பாட்டுக்குத் தலையை ஆட்டினார். "அதுதானே அக்கா. நான்தான் வந்து எடுத்தேன். அனிலு அப்பவே கடையில வந்து பாத்தானே. ஆருகிட்டயும் சொல்லாண்டாம், அந்த வீட்டில கல்யாணமாக்கும்னு என் கையைப் பிடிச்சுச் சொல்லிட்டுல்லா போனான்."

டீசல் எஞ்சின் தடதடத்துக்கொண்டிருந்தது. இவர் மெதுவாகத் திரும்பி அனிலைப் பார்த்தார். அனில் அந்தப் பக்கம் கடையில் குவித்து வைத்திருந்த சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்களுமா?" என்றாள் ஸ்ரீகலா. அவன் திரும்பவில்லை. "உங்களுக்குத் தெரியும். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல்ல. எனக்க அம்மைக்க சாவுக்குப் போன இடத்தில நம்மளைப் பீரோவுக்குப் பக்கத்தில உட்கார விடாமப் பாத்துக்கிட்டாங்களே, அதைப் பாத்துட்டும் சொல்லல்ல." அவள் அழுதாள். நான் அவள் கையைத் தொடப் போய், தொடாமல் எடுத்துக்கொண்டேன். எந்த உரிமையில் தொடுவது?

சபை ஹால் பூட்டிக்கிடந்தது. வாசலில் ஒரு ஆள் இல்லை. யாரிடம் சொல்வதற்கு? நான் இறங்கி நின்றேன். இவரும் இறங்கினார். வண்டியைப் பிடித்துப் பிடித்து, அந்தக் காலை இழுத்துக்கொண்டு, சாம்பல் மட்கார்டைச் சுற்றி அனில் இருந்த பக்கம் வந்து கதவைத் திறந்தார்.

"அன்னைக்கு சாப்பிடாம எழும்பிப் போனியே மக்கா" என்றார். அழுதுவிட்டார். கல்யாணமான இந்த முப்பத்தாறு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அனில் இறங்கி அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். "கால் நோவும், உட்காருங்கோ அண்ணே. நான் ஓட்டுறேன்" என்றான்.

நான் தயங்கித் தயங்கிப் பின்கதவருகே போனேன். ஸ்ரீகலா கண்ணைத் துடைத்துவிட்டு, நடுவில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏறுங்கோ அக்கா. இனி எங்கயும் நிறுத்தாண்டாம். எனக்கு உடம்பெல்லாம் சீணமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றேன்.